தலைவர் உயிரோடு படித்த இரங்கல்

லுவான் திங்ஷான் தூரிகையைத் தூக்கினால் சாங்பாய் மலைக் கரடிகள் குளிர்கால உறக்கம் கலைந்து எழுந்து, வரிசையாக உட்கார்ந்து வாசிக்கும். அவர் ‘ஆறு’ என்று எழுதிய தாளை மடித்து உள்பையில் வைத்துக்கொண்ட ஒருவனுக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. ‘நெருப்பு’ என்று எழுதியதை அடுப்புக்கு மேலே ஒட்டிய வீட்டில் அந்த மாதம் கரி வாங்கவில்லை. பேரரசர் காலத்தில் பிறந்திருந்தால் அரண்மனையையே அவர் பெயருக்கு எழுதிவைத்திருப்பார்கள். அந்தப் பத்திரத்தையும் அவர்தான் எழுத வேண்டியிருந்திருக்கும், ஏனென்றால் வேறு யார் எழுதினாலும் அரண்மனைக்குக் கௌரவக் குறைச்சல்.

இதில் கரடி மட்டும் கொஞ்சம் கூடுதல். மற்றதற்கெல்லாம் பாய்ஹ்வா ஊரில் சாட்சி உண்டு.

புது வருடம் பிறக்கிற வசந்த விழா சமயத்தில் மரமில் தெருவில் நடந்து பார்க்கலாம். வாசலுக்கு வாசல், நிலையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற சிவப்புத் தாள் ஈரடி அத்தனையும் அவர் கை. கறிக்கடைக்காரன் வீட்டில் எழுத்து கொழுகொழுவென்று இருக்கும். கணக்கு வாத்தியார் வீட்டில் எலும்பெண்ணலாம். புதிதாகக் கல்யாணமான வீட்டில் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வங்கிக்காரன் ஈரடி அச்சடித்து இலவசமாகத் தருகிற ஜரிகைத் தாளை அந்தத் தெருவில் கோழிக்கூட்டுக்கு ஒட்டுவார்கள். லுவான் இதற்குக் கூலி வாங்குவதில்லை. உறைந்த பேரிக்காய் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்வதும் இல்லை.

எழுபதைத் தாண்டிய மனிதர். நாய்த்தோல் தொப்பி, முட்டியில் ஒட்டுப்போட்ட பஞ்சுக் கால்சட்டை, விரல் நகத்தடியில் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. பட்டாளத்தில் இருந்தவர் என்பதை அவர் நடையைப் பார்த்தால் சொல்ல முடியாது. திட்டு வாங்கும்போது நிற்கிற விறைப்பைப் பார்த்தால் சொல்லிவிடலாம். அவர் மனைவி குய்லான் தினமும் அந்த விறைப்புக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பாள்.

பட்டாளத்துக்குப் போகும்போது அவருக்கு எழுத்து வராது என்பதுதான் வேடிக்கை. வடக்குக் காட்டில் ரயில் பாதைக்கு மலையைக் குடைகிற படை. மூச்சை விட்டால் மீசையில் பனிக்கட்டி தொங்குகிற இடம். பாறைகளில் ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பால் வாசகம் எழுத வேண்டும், வழக்கமாக எழுதுகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். யாருக்கு எழுத வரும் என்று அணித்தலைவர் கேட்டார். சுரங்கத்துக்குள் போகாமல் ஒரு பொழுது வெளியே இருக்கலாமே என்று லுவான் கையைத் தூக்கினார். அவர் எழுதி முடித்ததை அணித்தலைவர் இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார், கடைசியில் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இத யாரு எழுதினது, நீயா, கோழியா?"

அந்த அணித்தலைவர்தான் கெங் பாவ்லு. அதே மாவட்டத்துக்காரர், லுவானைவிட நாலைந்து வயது மூத்தவர், வாயில் எந்நேரமும் ஒரு வசவு தயாராக இருக்கும். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை லுவானின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. மறுநாளிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் பழைய செய்தித்தாளில் கோடு இழுத்தார். தூரிகை வாங்க அங்கே கடையா இருக்கிறது? சுமை இழுக்கிற குதிரையின் வாலில் கொஞ்சம் கத்தரித்துக் கட்டினார். அது தேய்ந்ததும் இன்னும் கொஞ்சம். மேலதிகாரி பார்வையிட வந்த அன்று குதிரையின் வால் மொட்டையாக நின்றது. குதிரைக்குச் சொறி என்று கெங் சமாளித்து அனுப்பிவிட்டு, லுவானைக் கூப்பிட்டுத் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுக்கச் சொன்னார். லுவான் மொட்டைக் குதிரையின் முடியாலேயே எழுதிக்கொடுத்தார். எழுத்து அழகாக வந்துவிட்டது என்று கெங் அதைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டிவைத்தார். மற்ற அணிக்காரர்கள் அதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார்கள். ஒரு படைப்பிரிவே குதிரைவால் திருடியதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் பழகியது அந்தக் காட்டில்தான்.

குளிரில் மை உறையும். தூரிகையைத் தொட்டால் கல்லில் குத்தின மாதிரி இருக்கும். அதற்கும் லுவான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்குக் கொடுக்கிற சாராயப் பங்கை வாயில் ஊற்றாமல் மையில் ஊற்றினார். பையன் மேல் எப்போதும் சாராய வாடை அடிக்கிறதே என்று கெங் ஊதச் சொல்லி மோந்து பார்த்தார். வாயில் வாடை இல்லை, கைவிரலில் இருந்தது. தன் பங்கையும் அதன்பிறகு கொடுத்துவிட்டார். கெங் பாவ்லு சாராயத்தை விட்டுக்கொடுத்தார் என்றால் பாய்ஹ்வாவில் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள்.

பிறகு ஒரு நாள் சுரங்கத்தின் கூரை இறங்கியது. மூன்று பேர்.

குழிகளின் தலைமாட்டில் நடப் பைன் மரப் பலகை அறுத்து வைத்தார்கள். உச்சிவேளை, ஆனாலும் வெளிச்சம் மங்கல். குளிரில் லுவானின் விரல் தூரிகையைப் பிடிக்க மடங்கவில்லை. கெங் தன் கையுறையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். திட்டவில்லை. திட்டாததுதான் லுவானுக்குப் பயமாக இருந்தது.

"நல்லா எழுது. இவனுங்க அம்மா யாரும் இவ்ளோ தூரம் வரமாட்டாங்க. இங்க இவனுங்களுக்கு மொகம்னு இருக்கப்போறது இந்த எழுத்து மட்டும்தான்."

லுவான் எழுதினார். அதற்குப் பிறகு எழுதாத நாள் என்று ஒன்று அவருக்கு இல்லை. பட்டாளம் விட்டு வந்து மரமில்லில் கட்டை அளந்தபோதும், கல்யாணத்தன்றும், குய்லான் முதல் பிள்ளை பெற்ற அன்றும் எழுதினார். அந்தப் பிரசவ நாளை மட்டும் குய்லான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது பனிக்காலம் போக மற்ற மாதங்களில், விடிந்ததும் ஆற்றங்கரைச் சதுக்கத்துக்குப் போய்விடுவார். துடைப்பக்கட்டை நீளக் கம்பு, நுனியில் கூராக வெட்டிய பஞ்சு, ஒரு வாளித் தண்ணீர். கல் பாவிய தரையில் தண்ணீராலேயே எழுதிக்கொண்டு பின்னோக்கி நடப்பார். அவர் கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து காய்ந்து போயிருக்கும். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. நேற்றைய சோற்றைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு இன்றைக்கு எப்படிச் சாப்பிடுவது என்பார்.

கெங்கும் அதே மரமில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர்தான். ஆனால் மலை அவரைச் சும்மா விடவில்லை. குடைந்த பாறையின் தூசி நுரையீரலில் தங்கி, வருடம் போகப் போகக் கல்லாகிவிட்டது. போன குளிர்காலத் தொடக்கத்தில் மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மகனை மட்டும் வெளியே கூப்பிட்டார். மகன் உள்ளே வந்து ஒன்றுமில்லை என்றான். அவனுடைய முகத்தை நாற்பது வருடமாகப் படித்த கெங்குக்கு வேறு படம் தேவைப்படவில்லை. லுவானுக்குச் சொல்லி அனுப்பினார்.

லுவான் போனபோது கெங் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாய், பக்கத்தில் காற்று உருளை. விசாரிப்பு ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரு இரங்கல் ஈரடி எழுதணும்."

"யாரு போயிட்டா தலைவரே?"

"நான்தான்யா. போகப்போறேன்."

"அப்போ போனப்புறம் எழுதறேன்."

"போனப்புறம் எப்படிடா படிப்பேன்? ஊர்ல செத்தவன் எல்லாருக்கும் எழுதற. ஒருத்தனாவது வந்து நல்லாருக்குன்னு சொன்னானா?" மூச்சு வாங்கினார். குரல் இறங்கியது. "அந்த மூணு பேருக்கு எழுதின பாரு. அத மாதிரி எழுத்த நான் எங்கயும் பாக்கல. அவனுங்க அதப் பாக்கல, லுவான். நான் பாத்துட்டுப் போறேன்."

லுவான் விறைத்து நின்றார். அணித்தலைவரின் ஆணையை வாழ்க்கையில் முதல் தடவையாக மறுத்தார். மறுக்காமல் என்ன செய்வது? உயிரோடு இருப்பவர் பெயரைச் சாவுக்கான வெள்ளைத்தாளில் எழுதினால் அது எமனுக்கு அனுப்பிய அழைப்பு. எமன் அழைப்பை மதிக்கிறவன். வீட்டில் இதைச் சொன்னதும் குய்லான் நேராகப் போய், வீட்டிலிருந்த வெள்ளைத்தாளை எல்லாம் சுருட்டித் துணிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை உள்சட்டையில் குத்திக்கொண்டாள்.

"அந்தாளு போறதுன்னா தானாப் போகட்டும். நீ தள்ளிவிட்டேன்னு நாளைக்கு அவன் மவன் வந்து நிக்கக்கூடாது. கெழவா, கேக்குதா?"

கெங் விடவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் மகன் மூலம் செய்தி வரும். கோழிக்குக் கை வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று ஒரு செய்தி. மாவட்ட நகரத்தில் கணினியில் அடித்துத் தருகிறார்களாமே, எழுத்து நேராக வருமாமே என்று இன்னொன்று. இதற்கெல்லாம் லுவான் அசையவில்லை. நான்காவது தடவை மகன் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை. அப்பா இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, பேசினால் மூச்சு வாங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு லுவான் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். எழுதினால் தலைவரைக் கொன்ற மாதிரி. எழுதாவிட்டால் அந்த மனிதர் கேட்ட ஒரே ஒரு பொருள் கிடைக்காமல் போய்விடுவார். மேசையில் சிந்திய சூப்பில் விரலை வைத்து, பழக்கதோஷத்தில் ஒரு கோடு இழுத்தார். அது காய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர் எழுந்து தொப்பியைத் தேடினார்.

தண்ணீரில் எழுதினால்? கெங் படிப்பார், எழுத்து காயும். காய்ந்த பிறகு எழுதினேன் என்று யார் நிரூபிப்பது? எமன் வந்து விசாரித்தாலும் வெறும் கல்லைத்தான் பார்ப்பான்.

இடைஞ்சல் ஒன்றுதான். வருடத்தின் மிக நீண்ட இரவு கழிந்து ஒரு வாரம். வெளியே துப்பினால் தரையில் கிணுங்குகிற குளிர். தண்ணீர் கல்லைத் தொட்டதும் உறைந்துவிடும். உறைந்தால் காயாது. காயாவிட்டால் வெள்ளைத்தாளும் அதுவும் ஒன்றுதான். ஆனால் இதற்கான மருந்தை அவர் வடக்குக் காட்டிலேயே படித்தவர். ஷான் சாராயக் கடைக்குப் போய் இருப்பதிலேயே காரமான சரக்கில் ஒரு பிளாஸ்டிக் கேன் வாங்கிவந்து, குய்லான் கண்ணில் படாமல் ஊறுகாய்ச் சாடிக்குப் பின்னால் வைத்தார். அந்தச் சாடியில் அவள் வருடாவருடம் முட்டைக்கோஸ் புளிக்கப்போடுவாள். சாராயம் பாதி, தண்ணீர் பாதி. எழுதினால் உறையாது, ஒரு சிகரெட் பிடிக்கிற நேரத்தில் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கெங்கின் மகனுக்கு மட்டும் காதோடு சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, விடிந்தும் விடியாத பொழுதில், மகன் கெங்கை இரண்டு ரஜாயில் சுற்றிச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். சதுக்கத்தில் லுவானையும் அவர் பேத்தியையும் தவிர யாரும் இல்லை. லுவானுக்கு நல்ல சளி, மூக்கு அடைத்திருந்தது. பேத்தி தூக்கிவந்த வாளியில் கேனைத் திறந்து ஊற்றினார், கலக்கினார், பஞ்சை முக்கினார்.

கேனில் இருந்தது வெறும் தண்ணீர். அது அவருக்குத் தெரியாது.

வலப்பக்க வரியை முதலில் எழுதினார். மேலே பெயர், பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் நகர்ந்து:

மலையைத் துளைத்தான், மூச்சில் பாதியை மலைக்கே கொடுத்தான்.

பிறகு இடப்பக்கம்:

நம்மைத் திட்டினான், நெஞ்சில் பாதியை நமக்கே விட்டுப்போனான்.

‘போனான்’ என்ற கடைசி எழுத்தில் அவர் கை தயங்கியது. தூரிகை கல்லைத் தொட்டதும் எடுத்துவிட்டார். நிமிர்ந்து திரும்பிப் பார்த்தார். முதல் எழுத்து காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை. வெள்ளை வெளேரென்று, கண்ணாடி ஊற்றி வார்த்த மாதிரி, கல்லோடு கல்லாக நின்றது. குனிந்து விரலால் தேய்த்தார். விரல்தான் மரத்தது.

கெங் எதையும் கவனிக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தார். அவர் படிப்பு எப்போதுமே மெதுவு. சின்ன வயதில் ஊர் மதில்களில் எழுதியிருந்ததைப் பார்த்துப் படிக்கப் பழகிய ஆள், ஒவ்வொரு எழுத்தையும் வாயில் போட்டுச் சுவைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். வலது வரி முடிந்தது. மகனைத் தள்ளச் சொல்லி இடது வரிக்கு வந்தார். ‘திட்டினான்’ வந்ததும் தோள் குலுங்கியது. மகன் பயந்துபோய்க் குழாயைச் சரிபார்த்தான். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"தலைவரே, போதும், இது காய மாட்டேங்குது," என்றார் லுவான். "வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணி கொண்டாந்து ஊத்திடறேன்."

"ஊத்திப் பாரு. கால ஒடைச்சிருவேன்."

நாற்காலியில் இருப்பவர் நிற்பவர் காலை உடைப்பேன் என்கிறார். லுவான் விறைத்து நின்றுவிட்டார், பழக்கம் அப்படி. கெங் மூன்றாவது தடவையும் படித்து முடித்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார்.

"எல்லாம் நல்லாருக்கு. அந்த மூணு பலகையவிட நல்லாருக்கு. கடைசி எழுத்து மட்டும் சொத்தை. பயந்துக்கிட்டே எழுதியிருக்க."

"பயந்துதான் எழுதினேன்."

"தாள்ல எழுதறப்போ பயப்படாத. நான் போனேன்னு எழுதறப்போ நல்லாப் போகவிடு. இழுத்துப் புடிக்காத."

அதற்குமேல் பேச மூச்சு இல்லை. மகன் நாற்காலியைத் திருப்பினான்.

லுவான் தனியாக அந்த ஈரடியின் நடுவில் நின்றார். சுரண்டுவதா, விடுவதா? எழுதிய எழுத்தை மிதிக்கிறவன் பாய்ஹ்வாவில் கிடையாது. அதிலும் ஓர் ஆளின் பெயர். அதைச் சுத்தியலால் உடைத்தால் அதைவிட மோசமான சகுனம் உண்டா? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒலிபெருக்கியை உருட்டிக்கொண்டு ஃபங் அக்கா வந்துவிட்டாள். சதுக்கத்தில் காலை நடனமாடுகிற பெண்களுக்கு அவள்தான் தளபதி. மரமில்லில் வேலை பார்த்த காலத்தில் தாமதமாக வந்ததற்காக, கெங் அவளைப் பனியில் வாசலுக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறார். அதை அவள் சொல்லாத கூட்டம் இல்லை. தரையில் பெயரைப் படித்தாள், வரியைப் படித்தாள், ஒலிபெருக்கியின் கைப்பிடியை விட்டாள். லுவான் வாயைத் திறப்பதற்குள் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

பாய்ஹ்வாவில் தந்தி தேவையில்லை, ஃபங் அக்கா போதும். மதியத்துக்குள் கெங் வீட்டு வாசலில் காகித மலர் வளையங்கள் வந்து சாய்ந்தன. செத்தவருக்கு எரிக்கிற மஞ்சள் காகிதக் கட்டு வந்தது. மரமில்லின் பழைய ஆட்கள் கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஃபங் அக்கா, தங்கமான மனுசன், வெளியில பாறை, உள்ள பஞ்சு என்று ராகத்தோடு அழுதுகொண்டு கதவைத் தள்ளினாள்.

உள்ளே கெங் பாவ்லு உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தார். குய்லான் கொடுத்தனுப்பிய புளித்த முட்டைக்கோஸ் பூரணம்.

ஃபங் அக்காவின் அழுகை பாதியில் நின்றது.

"நிறுத்தாத," என்றார் கெங். "‘உள்ள பஞ்சு’ங்கிற எடத்துலருந்து சொல்லு. குளிர்ல நிக்கவெச்ச கதையையும் சேத்துக்க, அதுல நான் எப்படி?"

அன்றைக்கு அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, தன் இழவில் என்ன சொல்வதாக இருந்தார்களோ அதை முகத்துக்கு நேராகச் சொல்லச் சொன்னார். சிலர் வெட்கப்பட்டுச் சொன்னார்கள், சிலர் நன்றாகவே சொன்னார்கள். மருத்துவர் கெடு சொன்ன மனிதர் விருந்து வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாலையில் தலையைக் குனிந்துகொண்டு வந்த லுவானிடம், எமன் பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டான், செத்தவனைத் தேடி இனி ஆள் வரமாட்டான் என்றார். குய்லான்கூட இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, கணக்கு சரிதான் என்று ஒப்புக்கொண்டாள்.

லுவானின் கோபமெல்லாம் சாராயக் கடை ஷான் மேல் போனது. காசு வாங்கிக்கொண்டு தண்ணீரை விற்றவன் என்று தெருவில் வைத்தே சொன்னார். பாவம், ஷான் கொடுத்தது சுத்தமான சரக்கு, ஒரு துளியைப் பற்றவைத்தால் நீலமாக நின்று எரியும். இருந்தாலும் அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அந்த வசந்த விழாவுக்கு ஷான் கடைக் கதவில் வங்கி ஜரிகைத் தாள்தான் ஒட்டியிருந்தது. தெருவே அதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது.

ஈரடியை யாரும் தொடவில்லை. பனி பெய்து மூடியது. மூடியதே தவிர அழியவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஃபங் அக்காவின் கூட்டம் அந்த இடத்தை விட்டு வளைந்தே ஆடியது. புதிதாக வந்த ஒருத்தி ஏன் நடுவில் காலியாக இருக்கிறது என்று கேட்டதற்கு, அங்கே ஒருத்தர் இருக்கார் என்றார்கள்.

கெங் வசந்த விழாவைப் பார்த்தார். ஆற்றில் பனி உடைந்ததைச் சன்னல் வழியாகக் கேட்டார். கல்லறை பெருக்கும் நாள் கழிந்து, வாதுமைப்பூ பூத்த வாரத்தில் ஒரு மதியம், தூங்கினவர் எழுந்திருக்கவில்லை.

செய்தி வந்ததும் குய்லான் உள்சட்டையிலிருந்து சாவியை எடுத்தாள். வெள்ளைத்தாளை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் தானே கனம் வைத்தாள். மை அரைத்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவருக்கு மை அரைத்ததே இல்லை.

லுவான் அதே வரிகளைத்தான் எழுதினார். ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. கடைசி எழுத்துக்கு வந்தபோது வாசலில் கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், கெங் சொன்ன தீர்ப்பு ஊருக்கே தெரியும். லுவான் தூரிகையை நன்றாகத் தோய்த்தார். தயங்காமல் இறக்கி, இழுத்து, தாளின் விளிம்பு வரை போகவிட்டார். அந்தக் கோடு இருக்கிறதே, வாசலைத் தாண்டித் தெருவில் நடந்து போகிறவனின் முதுகு மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காத முதுகு. எழுத்து தெரிந்த பெரிய பெரிய ஆட்கள் மாவட்ட நகரத்திலிருந்து வந்து அதன் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்கள்.

இறுதிச் சடங்கில் ஈரடியை யாரும் படித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. மகன் வலது தாளை மாட்டும்போதே கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. இடது தாள் மாட்டும்போது மரமில் தெரு முழுக்கச் சேர்ந்து சொன்னது, ஃபங் அக்காவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே. பாய்ஹ்வாவில் இதுவரை யாருடைய இரங்கலும் ஊருக்கு மனப்பாடமாக இருந்ததில்லை. லுவான் விறைப்பாக நின்றார். அது திட்டு வாங்குகிற விறைப்பு இல்லை. சல்யூட் வைக்கப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் தன் மணிக்கட்டைத்தான் தடவிக்கொண்டார், யாரோ கையுறை மாட்டிவிட்ட மாதிரி.

இப்போது முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் சுவரில் ஒட்ட லுவானைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முடிதிருத்தும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற பேத்தி யாயாவின் தலையில் அது விழுந்தது. ஒரு பக்கம் கேட்டார்கள், இத்தனை பக்கம் வந்துவிட்டது. நேற்று அதை வாங்கி, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு லுவான் படித்தார். கரடிக்குச் சிரித்தார். குதிரைவாலுக்கு முறைத்தார். மூன்று பலகைகள் வந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்தார். ஷான் வந்த இடத்தில் கண்ணாடி நகரவே இல்லை.

"ஷான் குடுத்தது சுத்தமான சரக்குன்னு எழுதியிருக்க. ஒனக்கு எப்படித் தெரியும்?"

இதை எழுதுகிறவள், ஷான் நல்ல மனுசன் என்று ஊரே சொல்கிறதே என்றாள்.

"எனக்கு அன்னிக்கு மூக்கு அடைப்பு. நானே மோந்து பாக்கல. நீ பத்தவெச்சுப் பாத்திருக்க. நீலமா எரியுமாம்ல?"

லுவான் மெதுவாகத் தலையைத் திருப்பி அடுப்பங்கரையைப் பார்த்தார், அங்கே மூலையில் இருந்த ஊறுகாய்ச் சாடியைப் பார்த்தார். போன குளிர்காலத்து முட்டைக்கோஸில் ஒரு பூஞ்சணம் பிடிக்கவில்லை, வாழ்க்கையிலேயே அப்படி ஒரு ருசி வந்ததில்லை, எல்லாம் கை ராசி என்று குய்லான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"தலைவர் மெதுவாத்தான் படிப்பாரு, அதுக்குள்ள காஞ்சிடும்னு சாராயத்தச் சாடியில கவுத்துட்டு கேன்ல தண்ணிய ஊத்தினியா? இல்ல, விடிகாலையில பாட்டுப் போட்டு ஒன் தூக்கத்தக் கெடுக்கற ஃபங் வழுக்கி விழட்டும்னு ஊத்தினியா?"

"ரெண்டும்தான் தாத்தா."

அவர் எழுந்தார். தொப்பியைப் போட்டார். பரணிலிருந்து சிவப்புத் தாளை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார்.

"கெளம்பு, ஷான் கடைக்குப் போவோம். இந்தக் கத்தையையும் எடுத்துக்க. கரடி வர்ற பக்கத்த நான் படிக்கிறேன், சாராயம் வர்ற பக்கத்த நீ படி."